பாதை பிரியும் இடங்கள்

ஜனவரி 4, சனி

தாம்பரத்தில் எங்கள் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகம் 365 ஏக்கர். அதற்குள் இருக்கும் புதர்க்காட்டில் வழிகாட்டிப் பலகைகளைப் புதுப்பிக்கும் வேலை இன்று தொடங்கியது. முதலில் பழையவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். சிவப்பில் எழுதியதெல்லாம் வெளிறிப்போயிருக்கிறது, கறுப்பு நிற்கிறது. வெயிலில் முதலில் போவது சிவப்புதான்; ஆனாலும் அம்புக்குறி என்றாலே கை சிவப்புக்குத்தான் போகிறது. மரக் கம்பங்களின் அடியைக் கரையான் தின்றிருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

விடுதி மொட்டைமாடியில் வாக்குவாதம். தாவரவியல்காரர்கள் மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை கேட்கிறார்கள்: வீரை, உசில், காசா, களா. நியாயம்தான். 1937-இல் கல்லூரி இங்கே இடம் மாறிய பிறகு, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் நட்டு வளர்த்த மரங்களும் வளாகத்தில் உண்டு. தானாக முளைத்தது எது, நட்டது எது என்று சொன்னால் நல்லதுதான். ஆனால் வழி தெரியாமல் நிற்பவருக்கு இத்தனை பலகைகளுக்கு நடுவே அம்புக்குறி கண்ணில் படாது. கடைசியில், ஒரே ஒரு சுற்றுப்பாதையில் மட்டும் மரப்பெயர்கள் என்று முடிவானது.

மரத்தில் ஆணி அடிப்பதில்லை என்பதில் மட்டும் சண்டையே வரவில்லை. மரம் பருக்கப் பருக்கப் பட்டை ஆணியை விழுங்கிவிடும், காயம் வழியே பூஞ்சையும் நுழையும்.

ஜனவரி 11, சனி

தகரத்தில் அச்சு வெட்டினோம். ‘வழி’ என்று வெட்டினால் வ-வின் வயிறு தனியாகக் கழன்று விழுகிறது. நடுவில் சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். உதவிக்கு வந்த போர்டு எழுதும் அண்ணன் எங்கள் வாசகங்களைப் படித்துச் சிரித்தார். “இடம் பத்தலைன்னு எழுத்தைச் சின்னதாக்காதீங்க தம்பி, வார்த்தையைக் குறைங்க.” ‘பிரதான சாலைக்குச் செல்லும் வழி’ என்பது ‘சாலை’ ஆனது. பக்கத்தில் ஓர் அம்பு, போதும்.

ஜனவரி 18, சனி

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. மழைக்காலம் முடிந்து மண் இறுகிவிட்டது, கடப்பாரை துள்ளுகிறது. பாதை பிரியும் இடத்துக்குச் சில அடி முன்னாலேயே இரும்புக் குழாய் நட்டோம். பிரிந்த பிறகு, ‘சரியாகத்தான் போகிறாய்’ என்று சொல்ல ஒரு சின்னக் குறி. சாயங்காலம் ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. குளிர்காலம் முடிந்தால் வடக்கே போய்விடும்.

ஜனவரி 25, சனி

சோதனை. காட்டுக்குள் காலே வைக்காத முதலாமாண்டு மாணவிகள் இருவரை, போனை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினோம். ஓரிடத்தில் இருவரும் பலகையைப் பார்த்தார்கள், ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். இரண்டு பாதையும் வளைந்து போகிற இடத்தில் மேல்நோக்கிய அம்பு எதையும் சொல்லவில்லை. சாய்த்துப் போட வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கதி திரும்பி வரும்போது. “அக்கா, இந்தப் பக்கமிருந்து வந்தா ஒண்ணுமே இல்லையே!” எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குப் பலகையின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. பெயிண்ட் அரை டின் மீதம் இருக்கிறது. காலி இடத்தைப் பார்த்ததும் ஒருத்தன், ‘மரம் வளர்ப்போம்’ என்று எழுதலாமே என்றான். காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு! அடுத்த சனிக்கிழமை அங்கேயும் அம்புக்குறிதான்.