பத்து நாள் பொறுத்திருக்கலாமா

"அவதான் ஒழுங்கா அடை உக்காந்திருக்காளே, இன்னும் பத்து நாள் விட்டுப் பார்த்தா என்ன?" காவலுக்கு இருந்த பெரியவர் கேட்டது இவ்வளவுதான். இன்குபேட்டரில், அதாவது செயற்கையாக அடைகாக்கும் பெட்டியில், வைத்துப் பொரிக்க அந்தக் கானமயில் முட்டையை அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

கானமயில் புல்வெளியில் வாழும் பெரிய பறவை. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் அதைக் கோடாவன் என்பார்கள். இயற்கையில் எஞ்சியவை 200-க்கும் குறைவு. ஈட்டுக்கு ஒரே முட்டை. அதுவும் சேவன் என்னும் பாலைநிலப் புல்லுக்கிடையே வெறுந்தரைப் பள்ளத்தில். ஆண் எட்டியும் பார்க்காது. பெண் மட்டும் சுமார் 27 நாள் அடைகாக்கும். நடுப்பகலில் மணல் 50 டிகிரியைத் தாண்டும்போது அது முட்டைமேல் நிற்பது சூடேற்ற அல்ல, நிழல் தர.

நரி, நாய், உடும்பு, காக்கை, மாட்டின் குளம்பு என்று எதுவும் அந்த ஒன்றை முடித்துவிடும். தொடக்கத்திலேயே எடுத்தால் தாய் மறுபடி முட்டையிட வாய்ப்புண்டு. அதனால்தான் எடுத்தோம், அது சரியும்கூட.

ஆனால் முதல் வாரம் தாயின் அடியில் இருந்த முட்டை இன்குபேட்டரில் நன்றாகப் பொரிக்கும் என்பது பறவை வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்தது. 37.5 டிகிரி வைப்பது எளிது. ஈரப்பதம்தான் பாடாய்ப் படுத்தும். தினமும் எடை போட்டு, பொரிக்கும் நாளுக்குள் 15 சதவீதம் அளவுக்குக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறையாவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு நீர்கோத்துத் திணறும். அதிகம் குறைந்தால் சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

விட்டுவைத்தால் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், நம் காலடி மோப்பமே நரியைக் கூட்டிவரும் என்று அப்போது சொன்னோம். போனாலும் கூட்டோடு நின்று திரும்பாமல், கடந்துபோய் வேறு வழியில் வர வேண்டும். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தப் பெரியவர் ஒருநாளும் கிட்டே போனதில்லை. தூரத்து மேட்டிலிருந்து பைனாகுலரில்தான் பார்த்தார்.

தாய் தானாக எழுந்து இரைக்குப் போன நேரத்தில், சூடேற்றி வைத்த பெட்டியில், அகன்ற முனை மேலே இருக்கும்படி வைத்து எடுத்துவந்தோம். இருட்டறையில் டார்ச்சை அடியில் பிடித்தபோது சிலந்திக் கால்கள் விரிந்தாற்போல் ரத்த நாளங்கள் தெரிந்தன. ஐந்தாறு நாள் அடைகாத்த முட்டை. அவர் கேட்ட பத்து நாள் இருக்கட்டும், முதல் வாரம் முடியக்கூட நாங்கள் விடவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.