நோட்லிஸ்டில் கிரெப் போட்டால் ஏன் தவறான ஆள் கிடைக்கிறார்

ஃபைடோநெட் என்பது கணினிகள் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்து அஞ்சல் பரிமாறத் தொடங்கிய பழைய வலையமைப்பு; அதில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். அதன் முகவரி என்பது மண்டலம் (ஸோன்), அதற்குள் உள்ள குழுவான நெட், நோட் என்ற மூன்று எண்கள். 2:999/15 என்ற கற்பனை முகவரியை எடுத்துக்கொள்வோம். எல்லா நோட்களையும் பட்டியலிடும் நோட்லிஸ்ட் கோப்பில் எந்த வரியிலும் இது முழுசாக இருக்காது. 15 மட்டும்தான் இருக்கும், அதுவும் நெட்டுக்கு நெட் திரும்பத் திரும்ப வரும்; அதனால் கிரெப் (வரிகளில் சொல்லைத் தேடும் கட்டளை) போட்டால் வேறு நெட்டின் 15 கிடைத்துவிடும். மீதி இரண்டு எண்களும் மேலே எங்கேயோ கடந்துபோன வரிகளில் கிடக்கின்றன.

ஆங்கிலத்தில் இருக்கும் கோப்பின் ஒரு துண்டைத் தமிழில் எழுதிக்காட்டினால் இப்படி:

ஸோன்,2,…
ரீஜன்,99,…
ஹோஸ்ட்,999,…
ஹப்,10,…
,15,…

இந்தத் துண்டின் முதல் வரி 2:2/0. இரண்டாவது 2:99/0. மூன்றாவது 2:999/0. ஹப் நெட்டை மாற்றாது, அதன் எண்ணும் ஒரு நோட் எண்தான்: 2:999/10. கடைசி வரி 2:999/15. ஆக, நிரலுக்கு மண்டலம், நெட் என்று இரண்டு மாறிகள் போதும். ஸோன் வந்தால் இரண்டையும், ரீஜனோ ஹோஸ்டோ வந்தால் நெட்டை மட்டும் மாற்றிக்கொண்டே மேலிருந்து கீழே படிக்க வேண்டும். ரீஜன் வரியைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. அப்போது ரீஜனுக்கும் அதன் முதல் ஹோஸ்டுக்கும் நடுவே உள்ள நோட்கள் முந்தைய நெட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சாதாரண நோட் வரி கமாவில்தான் தொடங்கும். முதல் புலம் (கமாவுக்கு முன்னுள்ள பகுதி) வெற்று. வெற்றுப் புலங்களை நீக்கிவிட்டுப் பிரித்தால் எல்லாமே ஓரிடம் நகர்ந்துவிடும். அந்த முதல் புலத்தில் டவுன், ஹோல்ட் (தற்காலிக நிறுத்தம்), பிவிடி (தனிப்பட்டது) என்றும் வரலாம். அவற்றைத் தூக்கி எறியாமல் நிலையோடு சேர்த்து வைப்பது நல்லது: டவுன் என்றால் அஞ்சல் போகாது, பிவிடி என்றால் நேரடியாக அழைக்க முடியாது, ஹோஸ்ட் வழியாகத்தான். அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகள் குறிப்புகள்; கோப்பின் முதல் வரியைத் தவிர மற்றவற்றைத் தாண்டிவிடலாம்.

கோப்பை பைனரி முறையில் திறக்கவும். கோப்பின் முதல் வரியின் கடைசியில் உள்ள ஐந்து இலக்க எண், அடுத்த வரியிலிருந்து கணக்கிடும் 16 பிட் சிஆர்சி, அதாவது கோப்பு பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் எண். பைத்தானில் இதைக் கணக்கிடுவது பைன்ஆஸ்கி தொகுதியின் சிஆர்சி_எச்க்யூஎக்ஸ், தொடக்க மதிப்பு 0. டெக்ஸ்ட் முறையில் திறந்தால் வரிமுடிவு பைட்கள் மாறி, நல்ல கோப்பும் பழுதாகத் தெரியும். கடைசியில் ஒட்டியிருக்கும், கோப்பின் முடிவைக் குறிக்கும் கன்ட்ரோல்-இசட் பைட்டும் கணக்கில் சேராது.

எது புதிய கோப்பு என்பதில் தனிக் குழப்பம். பெயரின் நீட்சி ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது மட்டுமே, ஆண்டு கிடையாது. பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும் நிரல் ஜனவரியிலும் டிசம்பர் பட்டியலையே பிடித்துத் தொங்கும். முதல் வரியில் தேதி முழுதாக இருக்கிறது, அதைப் படியுங்கள்.

நோட் கிடைத்த பிறகு தொலைபேசிப் புலத்தை நம்ப வேண்டாம். இணையம் வழி மட்டும் இயங்கும் நோட்களில் அங்கே அன்பப்ளிஷ்டு என்றும், வேகம் 300 என்றும் சும்மா இருக்கும். வரியின் கடைசியில் வரும் கொடிகளில் (குறிச்சொற்களில்) ஐஎன்ஏ என்பதில் இணைய முகவரி இருக்கும். ஐபிஎன் கொடி இருந்தால், இணையம் வழி அஞ்சலைப் பரிமாறும் பிங்க்பி நெறிமுறை. ஐபிஎன்னில் போர்ட் சொல்லாவிட்டால் 24554.