கம்பெனி செத்தாலும் பாலிசி சாகாது: பிரிட்டனின் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகள்

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா என்று டாக்டர் உறுதிசெய்துவிட்டால், பிரிட்டன் கோர்ட்டுகளில் நோயைப் பற்றிய வாதம் அதிகம் நடப்பதில்லை. யாரிடம், எந்த வருடம், என்ன வேலை செய்தார் என்பதில்தான் சண்டை. தூசியைச் சுவாசித்து முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் இந்த நோய் தலைகாட்டும். அதற்குள் கப்பல் பட்டறை மூடப்பட்டிருக்கும், மேஸ்திரி இறந்திருப்பார், சம்பளச் சீட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்.

முதல் வேலை, அங்குள்ள வரித்துறையான ஹெச்எம்ஆர்சியிடம் வேலை வரலாற்றைக் கேட்டு எழுதுவது. 1961 முதல் எந்தெந்த முதலாளியிடம் இருந்தார் என்ற பட்டியல் கிடைக்கும். அடுத்தது வாக்குமூலம், நோயாளிக்குத் தெம்பு இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். "ஆஸ்பெஸ்டாஸ் இருந்த இடத்தில் வேலை செய்தேன்" என்ற ஒற்றை வரியை எதிர்த்தரப்பு ஊதித் தள்ளிவிடும். குழாய் உறையை ரம்பத்தால் அறுத்தாரா, பொடியை வாளியில் தண்ணீர் விட்டுக் குழைத்தாரா, இல்லை பக்கத்தில் வேறொருவர் குழைத்தாரா? எத்தனை அடி தள்ளி நின்றார்? வாரத்தில் எத்தனை நாள்? முகமூடி தந்தார்களா? தரையை நனைத்துப் பெருக்கினார்களா, வறட்டு விளக்குமாறுதானா? கூட வேலை பார்த்தவர் ஒருவராவது இதையே சொன்னால் கேஸ் நிற்கும்.

வருடம் ஏன் முக்கியம்? வீட்டுக்குப் போகும் தூசியும் ஆளைக் கொல்லும் என்ற ஆய்வுச் செய்தி 1965 அக்டோபரில் சண்டே டைம்ஸில் வந்தது. அதற்கு முன் கணவரின் வேலை உடுப்பிலிருந்த தூசியைச் சுவாசித்து, பின்னாளில் நோய் கண்ட ஒரு பெண்ணின் வழக்கு, முதலாளி அப்போது அதை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று 2005-இல் அப்பீல் கோர்ட்டில் தோற்றது.

பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவர், யாருடைய தூசி நோயைத் தந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2002-இல் ஃபேர்சைல்ட் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச கோர்ட்டாகவும் இருந்த பிரபுக்கள் சபை அப்படித் தீர்த்தது. 2006-இல் பார்க்கர் வழக்கில் அதே சபை, அவரவர் பங்கை மட்டும் கட்டினால் போதும் என்றது. பார்லிமென்ட் அதே வருடம் சட்டம் போட்டு அதை மாற்றியது: மீசோதீலியோமாவுக்குப் பொறுப்பான எந்த ஒரு முதலாளியிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம்.

கம்பெனியே இல்லையென்றால்? தேட வேண்டியது அதன் இன்சூரன்ஸை. தொழிலாளர்களுக்காக முதலாளி எடுக்கும் பொறுப்புக் காப்பீடு 1972 முதல் கட்டாயம். பழைய பாலிசிகளைத் தேட எல்டோ என்ற அலுவலகம் இருக்கிறது. நோய் வந்த வருடத்துப் பாலிசி அல்ல, தூசியைச் சுவாசித்த வருடத்துப் பாலிசிதான் பணம் தர வேண்டும் என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2016 ஆகஸ்ட் முதல், கலைக்கப்பட்ட கம்பெனிக்கு உயிர் கொடுக்காமலே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மீது நேராக வழக்குப் போடலாம். பாலிசியும் சிக்காவிட்டால், 2012 ஜூலை 25 அல்லது அதற்குப் பிறகு நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதித் திட்டம் உண்டு.

வழக்குப் போடக் கெடு பொதுவாக மூன்று வருடம். அது தூசி பட்ட நாளிலிருந்து அல்ல, நோயும் அதன் காரணமும் தெரிந்த நாளிலிருந்து ஓடும்.

அதே தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோயான ஆஸ்பெஸ்டோசிஸின் கணக்கு வேறு. தூசி ஏற ஏற அது முற்றும் என்பதால் ஒவ்வொரு முதலாளியும் தன் காலத்துக்கு மட்டும் கட்டுவார். ஒருவரைக் கண்டுபிடிக்கத் தவறினால் அவர் பங்கு போனதுதான். இதில் பலர் வழுக்குவது கையெழுத்திடும்போது. தற்காலிக இழப்பீடாக வாங்கினால் தொகை குறையும், ஆனால் பின்னால் மீசோதீலியோமா வந்தால் மறுபடி கோர்ட்டுக்குப் போகலாம். இறுதித் தீர்வு என்று கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் கதவு மூடிவிடும்.