ஆடாத மேசை: தச்சு மேசை செய்து பார்த்த கதை

முதல் மேசையைச் செய்து முடித்த அன்று அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. பெருமைதான். மறுநாள் ஒரு பலகையை வைத்து, மரத்தைச் சீவும் இழைப்புளியைத் தள்ளினேன். பலகை, மேசை, நான் என்று மூவருமாகச் சுவரை நோக்கிப் போனோம்.

மேலிருந்து அழுத்தும் பாரத்தை எந்த மேசையும் தாங்கிவிடும். தச்சு மேசைக்கு வருவதெல்லாம் பக்கவாட்டுத் தள்ளு. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 40 மி.மீ. சதுரக் கால்கள், 18 மி.மீ. ஒட்டுப்பலகை, எல்லாம் திருகாணியில் நின்றன. கனம் போதாது என்று நினைத்து, கீழ்த்தட்டில் நாலு மணல் மூட்டை அடுக்கினேன். மேசை நகர்வது நின்றது. அப்பாடா என்றிருந்தேன்.

ஆனாலும் இழைப்பு சரியாக வரவில்லை. காரணம் புரியாமல் ஒரு டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி மேசையின் மூலையில் வைத்துவிட்டு இழைத்தேன். கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தண்ணீர் மட்டும் ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு பக்கமாக ஏறி வழிந்தது. அதாவது கால் தரையில் நிற்கிறது, மேல்பலகை என்னோடு வருகிறது. திருகாணி போட்ட மூட்டு ஒவ்வொன்றும் கீல் மாதிரி வேலை செய்கிறது. நாலு சட்டம் சேர்ந்த செவ்வகத்தைத் தள்ளினால் அது இணைகரமாகத்தான் சாயும். எவ்வளவு மணல் வைத்தாலும் அது மாறாது. மணல் வழுக்குவதைத்தான் நிறுத்தும், சாய்வதை நிறுத்தாது.

மேசையின் முதுகுப்பக்கம் முழுக்க 12 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றை வைத்து, சுற்றிலும் 10 செ.மீ.க்கு ஒன்றாகத் திருகாணி இறக்கினேன். ஒரே மாலை வேலை. நீளவாக்கில் ஆடுவது அடியோடு போய்விட்டது. மூட்டை தூக்குவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் என் இடுப்பாவது பிழைத்திருக்கும். இப்போது யாராவது ஆடுகிற மேசையோடு வந்தால் நான் சொல்லும் முதல் வைத்தியம் இதுதான்.

மிச்சம் இருந்த குறை மேல்பலகை. உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் பாதி அடியை அந்தப் பலகையே குதித்து வாங்கிக்கொண்டது. ஒரே மரத்தில் பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8 மடங்காகும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஒட்டுப்போடும் ஆசை போய், புதிதாகவே செய்வது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாவது மேசைக்குக் கால்கள் 90 மி.மீ. சதுரம். குறுக்குச் சட்டங்களின் முனையில் கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் நாக்கு, செதுக்கிக் காலில் துளையிட்டு இறக்கினேன். நீளச் சட்டங்களுக்குப் போல்ட், என்றைக்காவது கழற்ற வேண்டியிருக்கும் என்பதால். மேல்பலகை 70 மி.மீ. கனம், 55 செ.மீ. அகலம், பட்டைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் சேர்த்தது. கிளாம்ப் போதாததால் இரண்டிரண்டாக ஒட்டினேன். அதிலேயே ஒரு வாரம் போனது.

ஒட்டி முடித்த பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு நேர்சட்டத்தைக் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். முன்சட்டத்தின் விளிம்புக்குப் பின்னால் மற்றது ஒரு பக்கம் மட்டும் எட்டிப் பார்த்தது. முறுக்கு. எதிரெதிர் மூலைகள் இரண்டும் தூக்கியிருக்கின்றன என்று அர்த்தம். ரசமட்டம் இதை இவ்வளவு சுலபமாகக் காட்டியிருக்காது, காட்டினாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். தூக்கிய மூலைகளைக் கோணலாக, நாருக்குக் குறுக்கே இழைத்து இறக்கினேன். குறுக்கே ஓட்டினால் சுருள் வராது, தூளும் சிறு சிம்புமாகத்தான் வரும், ஆனால் வேகமாகக் குறையும். கடைசியில் நீளவாக்கில் ஓட்டியபோது இரண்டு முழத்துக்குக் கிழியாமல் சுருள் வந்தது. அதை இன்னும் தூக்கிப் போடவில்லை.

மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கும் துளைகளை நீள்வட்டமாக விட்டேன். மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். இந்த அகலத்துக்கு அது சில மில்லிமீட்டர் வரும். இடம் கொடுக்காவிட்டால் தானே வெடித்து இடம் எடுத்துக்கொள்ளும்.

உயரம்தான் நான் அதிகம் குழம்பியது. பழையது 90 செ.மீ., இழைத்தால் தோள்பட்டை வலிக்கும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தை எடுத்துக்கொண்டேன், எனக்கு 82. உடம்பு முழுதும் சாய்ந்து தள்ள முடிகிறது. நுணுக்கமாக வாள் பிடிக்கும்போது குனிய வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அதற்கு ஒரு கட்டைப்பெட்டியை மேலே வைத்துக்கொள்கிறேன்.

முன்கால்கள் மேல்பலகையின் விளிம்போடு ஒரே தளத்தில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தச்சர் ரூபோவின் மேசை அமைப்பு அது. கதவுப் பலகை போன்ற நீளமான ஒன்றை நிறுத்தி அதன் விளிம்பை இழைக்கும்போது, காலும் சேர்ந்து தாங்கும்.

வலக்கைக்காரன் என்பதால், கட்டையைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இடது முனையில். சிறிய கட்டையை ஒரு ஓரத்தில் பிடித்தால் வைஸின் வாய் கோணிக்கொள்கிறது. மறு ஓரத்தில் அதே தடிமனுள்ள துண்டு ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். அதற்கென்றே ஒரு டப்பா நிறைய வெட்டுத்துண்டுகள் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது பாக்கி ஹோல்ட்ஃபாஸ்ட் துளைகள். வளைந்த இரும்புக் கொம்பு அது, துளையில் விட்டுத் தலையில் ஒரு தட்டு தட்டினால் தண்டு சாய்ந்து இறுகிக் கட்டையைக் கவ்வும், முதுகில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். 19 மி.மீ. துளை ஐந்து போட்டேன். நாலில் இப்போது இரும்புப்பிடி. முதலில் வழுக்கியது, தண்டை உப்புத்தாளால் குறுக்கே தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகு நின்றது. ஐந்தாவதில் மட்டும் டிரில் கை நழுவித் துளை அகன்றுவிட்டது, என்ன தட்டினாலும் கவ்வவில்லை. நேற்று ராத்திரி அதில் ஒரு உருளைக் கட்டையைப் பசை தடவி இறக்கியிருக்கிறேன். காய்ந்ததும் மேலே இழைத்துவிட்டு, பக்கத்தில் செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை நிறுத்திவைத்து மறுபடி துளையிட வேண்டும்.