பூசாரித் தாத்தாவின் கணக்குப் புத்தகமும் என் முதல் ஆய்வுக் கட்டுரையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள் நான். இப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, மூன்றாவது முயற்சியில், இரண்டு வருடமும் நான்கு மாதமும் கழித்து ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படித்தவர்கள் சிலர், இதை எப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

கட்டுரையின் விஷயம் இதுதான். தோட்டங்களுக்கு ஆள் கூட்டிவந்த கங்காணிமார்கள் காலத்திலேயே ஊர்த் தெய்வங்களும் கூட வந்துவிட்டன. லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். எல்லையில், மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாக முனியாண்டியோ மதுரைவீரனோ. 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திய பிறகும் அந்தச் சாமிகள் இங்கேயே வேரூன்றிவிட்டன. இன்று பல இடங்களில் முனியாண்டி முனீஸ்வரராகிவிட்டார். கிடா வெட்டு நின்று, ஐயர் வந்து கும்பாபிஷேகம் நடக்கிறது. இது எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி.

பதில் என் கையில் தயாராக இருந்தது. சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீநிவாஸ் சொன்ன சமஸ்கிருதமயமாக்கம். கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களின் வழிபாட்டு முறையை எடுத்துக்கொண்டு தங்கள் மதிப்பை உயர்த்திக்கொள்கிறார்கள் என்ற விளக்கம். எங்கள் கோயிலுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. எழுதி அனுப்பிவிட்டேன்.

முதல் முறை அனுப்பிய இடத்தில் மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது, கூடவே கட்டணச் சீட்டும். படிக்காமலே பணம் கேட்கிறார்கள் என்று புரிய ஓர் இரவு ஆனது. கட்டுரையை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். அது இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண், அவ்வளவுதான். தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. நம் நாட்டு இதழ் என்றால் உயர்கல்வி அமைச்சின் கீழ் வரும் மைசைட் பட்டியலில் பாருங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருப்பவர்களில் இருவருக்காவது நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது இதழ் முறையானது. அங்கே இருமுனை மறைவு மதிப்பாய்வு: எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாது, அவர் யார் என்று நமக்கும் தெரியாது. கட்டுரையில் மட்டுமல்ல, கணினிக் கோப்பின் பண்புகளிலும் நம் பெயரை அழிக்க வேண்டும். அதைவிடச் சிரமம், 'எங்கள் தோட்டம்', 'என் தாத்தா பால்மரம் வெட்டிய நிரை' போன்ற வரிகளை எடுப்பது. அங்கே பிறந்தவள் என்பதுதான் என் பலம் என்று நினைத்திருந்தேன். பதிப்பாசிரியரிடம் கேட்டபோது, இப்போது 'ஆய்வாளருக்குக் களத்தோடு நீண்ட காலத் தொடர்பு உண்டு' என்று மட்டும் போடுங்கள், ஏற்கப்பட்ட பிறகு முழுவதையும் எழுதலாம் என்றார்.

ஐந்து மாதம் கழித்து நிராகரிப்பு வந்தது, கூடவே நான்கு பக்கக் குறிப்பு. ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. 'கிடா வெட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் நின்றது என்கிறீர்கள். சான்று என்ன? பக்தர்களின் எண்ணம் மாறியதால் நின்றது என்கிறீர்கள். யாரைக் கேட்டீர்கள்?'

யாரையும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதால் எழுதியிருந்தேன். கோபம் வந்தது. அப்புறம் அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. நிராகரித்த அந்த முகம் தெரியாத மனிதருக்குத்தான் நான் இன்றும் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

பூசாரித் தாத்தா இப்போது பட்டணத்துத் தாமானில் (குடியிருப்பில்) மகன் வீட்டில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "கணக்கப் பாத்தியா தாயி?" என்று கேட்டார். கோயில் கணக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார். உள்ளே மூன்று நீளப் புத்தகங்கள். ஒன்றைக் கரையான் பாதி தின்றிருந்தது. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து ஆபீஸில் பிடித்துக் கொடுத்த கோயில் வரி, ஆள்வாரியாக, கிராணியின் (தோட்ட ஆபீஸ் எழுத்தரின்) அழகான கையெழுத்தில். திருவிழாச் செலவு தனியாக: பூ, எலுமிச்சை, சாம்பிராணி, உறுமி மேளம், சுருட்டு, கிடா மூன்று. அடுத்த வருடம் கிடா இரண்டு. அதற்கடுத்த வருடம் ஒன்று. அப்புறம் கிடா என்ற பதிவே இல்லை. ஆனால் 'ஐயர் தட்சணை' என்ற பதிவு அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் முதல் தடவையாக வருகிறது.

அந்த ஆறு வருட இடைவெளியைப் பார்த்ததும் என் கட்டுரையின் அடித்தளமே ஆடிப்போனது. ஐயர் வந்து கிடா நிற்கவில்லை. கிடா நின்று வெகுநாள் கழித்துத்தான் ஐயர் வந்திருக்கிறார்.

"ஏன் தாத்தா நிறுத்துனீங்க?"

"நாங்க எங்க நிறுத்துனோம்? பால்மரத்தச் சாய்ச்சிட்டு செம்பனை போட்டான். இளங்கன்ன ஆடு மேஞ்சிரும்னு லயத்துல ஆடு வளக்கக் கூடாதுன்னுட்டான். நேந்துவிட்ட கிடாய வீட்டுல வளத்துத்தான் வெட்டணும். கடையில வாங்கி வெட்டுனா அது நேத்தியா?"

சமஸ்கிருதமயமாக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. பிற்பாடு கும்பாபிஷேகம் வரை போனதற்கு அது பொருந்தவே செய்கிறது. ஆனால் முதல் மாற்றத்தைக் கொண்டுவந்தது பயிர்: ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வந்தது. ஆட்கள் குறைந்ததும் வரி குறைந்ததும்கூட அந்தப் புத்தகத்தில் மாதம் மாதமாகத் தெரிகிறது. கட்டுரையை முழுக்கத் திரும்ப எழுதினேன். கணக்குப் புத்தகங்களின் எல்லாப் பக்கங்களையும் தாத்தாவின் அனுமதியோடு ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை அவர் மகனிடம் கொடுத்தேன். உங்கள் தோட்டத்துக் கோயிலிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். கோயிலை இடம் மாற்றும்போது முதலில் தொலைவது இதுதான். தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் இன்னொரு சிக்கல். ஆய்வு நெறிப்படி தகவல் சொன்னவரின் பெயரை மறைத்து 'தகவலாளி 3' என்று போடுவது வழக்கம். படிவத்தை நான் தமிழில் வாசித்துக் காட்டியதும் தாத்தாவின் முகம் வாடிவிட்டது. "அம்பது வருசம் பூச வச்சவன் பேரு மூணா?" என்றார். விசாரித்தபோது, அவரே எழுத்து மூலம் விரும்பினால் பெயரைப் போட வழி உண்டு என்று தெரிந்தது. படிவத்தில் அதற்கென ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது இதழில் இரண்டு சுற்றுத் திருத்தம். ஒலிபெயர்ப்புக்கே ஒரு வாரம் போனது. ஆங்கிலக் கட்டுரையில் தமிழ்ச் சொற்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதி முறைப்படி எழுதச் சொன்னார்கள்: ற, ன, ழ மூன்றுக்கும் அடியில் கோடு, ட, ண, ள மூன்றுக்கும் அடியில் புள்ளி, நெடிலுக்கு மேலே கோடு. கோயில் பதிவில் இருக்கும் எழுத்துக்கூட்டு இதோடு ஒத்துப்போகாது. பதிவுப் பெயரை அப்படியே விட்டு, முதல் இடத்தில் மட்டும் இரண்டையும் கொடுத்தேன். பழைய எழுத்துருவில் தட்டியிருந்த பேட்டிகளையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றியது தனி வேலை. ஆரம்பத்திலேயே யூனிகோடில் தட்டிவிடுங்கள்.

அச்சுப்படி வந்தபோது தமிழ்ச் சுருக்கத்தைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "பலின்னு போட்டிருக்கியே தாயி. நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம். கிடா வெட்டு. படையல்."

அச்சுப்படியில் எழுத்துப் பிழை மட்டும்தான் திருத்தலாம் என்பது விதி. இருந்தும் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினேன்: இது சொல் அலங்காரம் இல்லை, வழிபடுபவர்கள் தங்கள் செயலுக்கு வைத்திருக்கும் பெயர், நான் வேறு பெயர் வைத்துவிட்டேன். மறுநாளே பதில் வந்தது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று. ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பதினொரு இடம். ஒவ்வொன்றாகத் தேடி மாற்றி, இரவு பதினொன்றரைக்குத் திருப்பி அனுப்பினேன்.