விடுதி அறையும் நீண்ட பாதையும்

டெல்மர் டேவ்ஸ் 1957இல் இயக்கிய ‘3:10 டு யூமா’வையும் ஜேம்ஸ் மேன்கோல்ட் 2007இல் எடுத்த அதன் மறுஆக்கத்தையும் இந்த வார இறுதியில் அடுத்தடுத்துப் பார்த்தேன். எல்மோர் லெனார்டின் சிறுகதையே இரண்டுக்கும் மூலம். பிடிபட்ட கொள்ளைக்காரன் பென் வேடை, வறட்சியில் நொடித்துப்போன பண்ணைக்காரர் டான் எவன்ஸ் யூமா சிறைக்குப் போகும் 3:10 மணி ரயிலில் ஏற்றிவிட வேண்டும்; கூலி 200 டாலர்.

பழைய படத்தின் உயிர், ரயிலுக்காக இருவரும் காத்திருக்கும் அந்த விடுதி அறையில்தான் இருக்கிறது. கட்டிலில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு வேடாக வரும் கிளென் ஃபோர்டு, தன்னை விட்டுவிடுவதற்கான தொகையை மாட்டுச் சந்தைத் தரகரைப் போல ஏற்றிக்கொண்டே போக, எதிரே துப்பாக்கியோடு வியர்த்திருக்கும் எவன்ஸான வான் ஹெஃப்லினின் முகத்தில் ஆசையும் அவமானமும் மாறிமாறி வந்துபோகின்றன. வண்ணம் இருந்திருந்தால் அந்தப் புழுக்கம் குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

புதிய படத்துக்கு அவ்வளவு நேரம் ஓர் அறையில் உட்காரப் பொறுமையில்லை; வழியெங்கும் சண்டைகளைச் சேர்த்துக்கொள்கிறது. (ரசித்தேன், மறுக்கவில்லை.) எவன்ஸை அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலிழந்தவராக்கி, மூத்த மகனையும் பின்தொடர வைத்தது நல்ல மாற்றம், மகன் கண்ணில் தான் யார் என்ற கேள்வி கிறிஸ்டியன் பேலின் ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. ஆனால், படம் பார்க்காதவர்கள் மன்னிக்க, எவன்ஸ் சுடப்பட்டதும் ரஸ்ஸல் குரோவின் வேட் தன் கூட்டாளிகளையே சுட்டுத்தள்ளுவது எனக்கு இன்னமும் ஒட்டவில்லை. பழைய படத்தில் இருவரும் உயிரோடு ரயிலேறுகிறார்கள். வறண்ட நிலத்தின்மேல் மழை கொட்டுகிறது.