43-க்கு 8

பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். எந்த இன்ஜின் உட்காரும், என்ன விலைக்குக் கிடைக்கும், எத்தனை நாளில் வண்டியை எடுக்கலாம். கியர் பெட்டியைப் பற்றியோ பின் அச்சின் கூடான ஹவுசிங்குக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. செயின் பிளாக் மாட்டி இன்ஜினைத் தூக்கி இறக்குவது ஒரு நாள் வேலை. அந்த இன்ஜின் என்ன சுற்றில் ஓடி வண்டியை இழுக்கப்போகிறது என்பதைத்தான் வண்டிக்காரர் அடுத்த பத்து வருடம் தினமும் அனுபவிப்பார். சேலத்தில் 22 வருடமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். இந்த விஷயத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தது கொல்லிமலையிலிருந்து வந்த ஒரு ஜீப்.

மஹிந்திரா எம்.எம். 540. உள்ளே பெஜோ டீசல் இன்ஜின், 2112 சி.சி. மலை ஏறும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் போனது தெரியாமல் ஓட்டியதில் ஹெட் வெடிப்பு விட்டு, பிளாக்கும் தேறாமல் போயிருந்தது. வண்டிக்காரர் மிளகும் காபியும் வைத்திருக்கிற பெரியவர். "தம்பி, டிஐ இன்ஜினைப் போட்டுக் குடுத்துடு. என் காலம் வரைக்கும் ஓடணும்" என்றார். கூட வந்த மகனுக்கு வேறு கவலை. "அண்ணா, நாமக்கல் ரோட்ல எல்லாரும் என்னைத் தாண்டிப் போறாங்க. தொண்ணூறாவது போகணும்ணா."

அப்பாவுக்குக் காரவள்ளியிலிருந்து மேலே ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவு. மகனுக்குச் சேலம் – நாமக்கல் நால்வழிச் சாலை. வண்டி ஒன்றுதான்.

டிஐ என்று அவர் சொன்னது பொலிரோவில் வந்த 2523 சி.சி. இன்ஜின். நல்ல தேர்வு, பொறுமையாக இழுக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குள்ளேயே முழு இழுவையும் வந்துவிடும். ஆனால் அதன் 63 குதிரைத்திறன் 3200 சுற்றில் முடிந்துவிடுகிறது. பழைய பெஜோவோ 4500 வரை சுற்றும். பெரிய இன்ஜின் போட்டால் வண்டி வேகமாகப் போகும் என்று நினைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

மாற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். வண்டியில் என்ன ரேஷியோ இருக்கிறது, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று புத்தகத்தையோ வாய்ச்சொல்லையோ நான் நம்புவதில்லை. முப்பது வருட ஜீப்பில் எந்த ஹவுசிங் எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது. பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். சக்கரத்தைக் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றச் சொன்னேன். பட்டறைப் பையன் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ரெண்டே முக்கால் கூட வரலீங்கண்ணா" என்றான். இன்னொரு சக்கரம் தரையில் நிற்கும்போது, இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இந்தச் சக்கரத்தை இரண்டு மடங்கு சுற்ற வைக்கும். அதனால் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். இரண்டாவது சுற்று முடிந்தபோது சாக்பீஸ் கோடு ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நின்றது. மூடியைத் திறந்து பல்லை எண்ணினோம். கிரவுனில் 43, பினியனில் 8. அதாவது 5.38. முன் ஹவுசிங்கிலும் அதுவேதான்.

43, 8 என்ற கணக்கு எனக்கு எப்போதும் பிடிக்கும். இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற பொது எண் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் சுற்றிச் சுற்றி வந்து கிரவுனின் எல்லாப் பல்லையும் ஒருமுறை சந்திக்கும். ஒரே ஜோடி திரும்பத் திரும்ப உரசாமல், தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பரவிவிடும். எப்போதோ யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை.

அப்புறம் டயர். 6.00-16 டயர்தான். ஆனால் காற்றும் சுமையும் பார்த்து உயரம் மாறும். டயரிலும் தரையிலும் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்றுத் தள்ளி, டேப் வைத்தேன். 2 மீட்டர் 20 சென்டிமீட்டர்.

மீதிக் கணக்கைத் தகரக் கதவிலேயே எழுதினேன். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்குச் சரியாக 1000 மீட்டர். 2.2-ஆல் வகுத்தால் சக்கரம் 454 சுற்று. 5.38-ஆல் பெருக்கினால், இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே சுற்றில் ஓடும் நேரடி டாப் கியரில் இன்ஜின் 2440. 80 கி.மீ.யில் 3250. பெஜோவுக்கு அது ஒன்றுமில்லை. டிஐக்கு அது எல்லையையே தாண்டிய சுற்று. பழைய நாலு கியர் பெட்டியை அப்படியே வைத்துப் புது இன்ஜினை மாட்டினால், 78 கி.மீ.க்கு மேல் வண்டி போகாது. அந்த வேகத்தில் ஓட்டினால் முழு நேரமும் அலறிக்கொண்டுதான் போகும். செலவு செய்துவிட்டு முன்பைவிட மெதுவான வண்டியை ஓட்டிப் போக வேண்டியதுதான். மகன் கதவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான்.

"அப்ப கிரவுன் பினியனை மாத்திடலாமே?" என்றார் பெரியவர். நியாயமான கேள்வி, ரேஷியோவைக் குறைத்தால் அதே சுற்றில் வேகம் கூடும். ஆனால் அந்த வழியில் நான் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். 2009-இல் ஏற்காட்டு வண்டி ஒன்றுக்கு, அதுவும் இன்ஜின் மாற்றிய ஜீப்தான், நெடுஞ்சாலையில் வேகம் வேண்டும் என்று கேட்டதால் பின்பக்கம் 41-க்கு 11 போட்டுக் கொடுத்தேன், 3.73. கீழே சமவெளியில் பறந்தது. சுமையோடு மலை ஏறும்போது முதல் கியர் போதவில்லை. ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் கிளட்சைப் பாதி மிதித்தே ஏற்றியிருக்கிறார். மூன்று மாதத்தில் கிளட்ச் பிளேட் கரிந்து, அந்த நாற்றத்தோடு வண்டி என் வாசலில் வந்து நின்றது. தவறு என்னுடையது. மலையில் எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. பழைய ரேஷியோவை என் செலவில் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

இந்த வண்டிக்கு நான்கு சக்கரமும் ஓட்டம். பின்னால் ஒரு ரேஷியோ, முன்னால் ஒரு ரேஷியோ என்று இருந்தால், நான்கு சக்கரத்தையும் பூட்டிய அடுத்த நிமிடமே இரண்டு ஹவுசிங்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எங்கோ ஒன்று உடையும். எனவே மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். 39-க்கு 8, அதாவது 4.88 பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். 80-இல் 2950 வந்தது, பரவாயில்லை. வளைவில் என்ன ஆகும்? கொல்லிமலை வளைவில் சுமையோடு 15 கி.மீ. வேகம்தான். இரண்டாம் கியரின் ரேஷியோ ஏறக்குறைய 2.2. 5.38 இருந்தால் இன்ஜின் 1340-இல் இருக்கும், 4.88 போட்டால் 1220. வித்தியாசம் 120 சுற்றுதான். ஆனால் இழுவை உச்சத்துக்கு வருவது 1450-க்கு மேலே. அதற்குக் கீழே இறங்க இறங்க வண்டி முக்கும், ஓட்டுபவர் முதல் கியருக்கு வருவார். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு 70 வளைவிலும் அப்படி வந்து பார்த்தால் தெரியும் அந்த 120 சுற்றின் அருமை.

கடைசியில் ஹவுசிங்கைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஓவர் டிரைவ், அதாவது இன்ஜினைவிட ஷாஃப்ட்டை வேகமாகச் சுற்றவைக்கும் ஐந்தாம் கியர் உள்ள பெட்டி ஒன்றைச் சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்தோம். வாங்குவதற்கு முன்னால் கடை வாசலிலேயே இன்புட் ஷாஃப்ட்டைப் பத்துச் சுற்று சுற்றிப் பார்த்தேன். ஐந்தாம் கியரில் பின்பக்கம் 12 சுற்றைக் கொஞ்சம் தாண்டியது. அதாவது 0.82. முதல் கியர் 3.8, இரண்டாம் கியர் அதே 2.2. இதில் 80 கி.மீ.க்கு 2670 சுற்று, 90-க்கு 3000. மலையில் முதல் கியரும் 5.38-ம் சேர்ந்து 20 மடங்கு. சும்மா ஐடிலிங்கில் விட்டாலே ஐந்து கி.மீ. வேகத்தில் ஊர்ந்து ஏறும். இரண்டையும் சேர்த்து 4.88-ம் ஓவர் டிரைவும் போடலாமே என்று மகன் கேட்டான். இந்த வண்டியின் முகம் சுவர் மாதிரி தட்டை, காற்றை முட்டித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சின்ன மேட்டுக்கே நாலாம் கியருக்கு வந்துவிடுவாய், ஐந்தாவது கியர் கைக்கு எட்டியும் பயன்படாது என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டான்.

வேலை அதோடு முடியவில்லை. கியர் பெட்டியின் முன் கூடான பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கிற பிளேட்டை லேத்தில் கடைந்து, டயல் கேஜ் வைத்து மையம் பார்த்தோம். அதில் மயிரிழை விலகினாலும் இன்புட் பேரிங் போய்விடும். புதுப் பெட்டி நீளம் என்பதால், முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப் போனது. பின் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்தோம், முன் ஷாஃப்ட்டை நீட்டினோம், இரண்டையும் பேலன்ஸ் செய்யக் கொடுத்தோம். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்திலிருந்து வருவதால், ஹவுசிங்கும் டயரும் மாறாதவரை அதைத் தொட வேண்டியதில்லை. இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியை முதலிலேயே வாங்கிவிட்டு, புது இன்ஜினின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றச் சொன்னேன். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்க மூன்று பேரும் போனோம். பின்னால் ஆறு மூட்டை. காரவள்ளியில் இரண்டாம் கியர் போட்ட மகன், 14-வது வளைவு வரை கியர் குச்சியில் கை வைக்கவில்லை. அங்கே எதிரே பேருந்து வந்ததால் நிறுத்தி, முதல் கியரில் எடுத்தான். கிளட்சை விட்டதும் வண்டி குலுங்காமல் நகர்ந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கி வரும்போது நால்வழிச் சாலையில் 80-இல் ஐந்தாவது போட்டதும்தான் பேச ஆரம்பித்தார், பழைய வண்டியில் இந்த வேகத்தில் கத்தித்தான் பேச வேண்டும் என்று.

70-ஐத் தாண்டும்போது மட்டும் தரையில் மெல்லிய அதிர்வு இருந்தது. பின் ஷாஃப்ட் குட்டையானதால் ஜாயிண்டின் கோணம் கூடிவிட்டது. மறுநாள் ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துப் பினியன் மூக்கைக் கொஞ்சம் தூக்கினேன். முதல் தகடு போதவில்லை. இரண்டாவது வைத்தபிறகு நின்றது.